குசினிச் சுவருக்கு ரைல்ஸ் ஒட்டுகிற கூலி: முசஃபாவில் வேலைக்கு ஓம் சொல்ல முன்னர்

முசஃபாவுக்கு வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் யாராவது ஒருவர் உங்களிடம் வேலை ஒன்று இருக்கு என்று சொல்லிக்கொண்டு வருவார். அனேகமாக அது பெரிய வேலையாக இராது. ஷாபியாவிலோ முஹம்மது பின் ஸாயித் சிற்றியிலோ ஒரு பிளாற். அதில் குசினி மேடைக்கு மேலே, கபேட்டுக்குக் கீழே இருக்கிற துண்டுச் சுவருக்கு ரைல்ஸ் ஒட்ட வேண்டும். "சின்னச் சுவர்தானே தம்பி, ஒரு நாளில முடிஞ்சிடும், மீற்றருக்கு இவ்வளவு தாறன்" எண்டு சொல்லுவார். பெட் ஸ்பேஸ் வாடகை தலைக்கு மேல் நிற்கிற நேரத்தில் உங்களுக்கும் அது நல்ல கணக்காகத்தான் தெரியும்.

ஊரில் மேசன் வேலை பழகினவர்களும் இந்தச் சின்னச் சுவரில் ஏமாந்து போகிறார்கள். வேலை தெரியாததால் அல்ல, கூலி எப்படிக் கணக்குப் பார்க்கப்படுகிறது என்று கேட்காததால். ஆகவே இந்த இதழில் அந்தச் சுவரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கணக்குக்குப் போக முன்னர் விசா விடயம் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது.

முதலில் உங்கள் கையில் என்ன கடதாசி இருக்கிறது?

ஐக்கிய அரபு இராச்சியம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் சேராத நாடு. இங்கே அரசாங்கம் தருகிற அடைக்கல அந்தஸ்து என்று ஒன்று இல்லை. "அகதி விசா எடுத்துத் தாறன், இவ்வளவு காசு" என்று யாராவது சொன்னால் அவர் உங்களை ஏமாற்றுகிறார். அபுதாபியில் ஐ.நா. அகதிகள் நிறுவனமான யுஎன்எச்சிஆரின் அலுவலகம் இருக்கிறது. அங்கே எதற்கும் காசு வாங்குவதில்லை. ஆனால் அவர்கள் தருகிற கடதாசி உங்கள் அடைக்கலக் கோரிக்கை பற்றியது. அதைக் காட்டி வேலை செய்ய முடியாது.

வேலை செய்யலாமா என்பதை மனிதவள அமைச்சு தருகிற வேலை அனுமதிதான் தீர்மானிக்கிறது. இந்த அமைச்சை இங்கே எல்லோரும் மொஹ்ரே என்றுதான் சொல்வார்கள். பழைய ஆட்கள் அனுமதி அட்டையை பத்தாக்கா என்பார்கள். விசிற் விசாவில் வந்தவர் ஒரு நாள் வேலை செய்தாலும் அது சட்டத்துக்கு மாறு. ஒரு கொம்பனியின் விசாவில் இருக்கிறவர், அனுமதி எடுக்காமல் இன்னொருவருக்கு வேலை செய்தாலும் அப்படியே. பிடிபட்டால் அபராதம், சிறை, நாடுகடத்தல் எல்லாம் வரலாம். 2024இல் சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாமல் ஆள் வைக்கிற முதலாளிக்கு 1 இலட்சம் முதல் 10 இலட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். அதனால்தான் அப்படி வேலை தருகிறவர்கள் ரசீது தரமாட்டார்கள், முழுப் பெயர் சொல்லமாட்டார்கள், வேலை முடிந்ததும் போன் எடுக்கமாட்டார்கள்.

எங்களிடம் வந்த ஒரு தம்பி விசிற் விசாவில் இருந்துகொண்டு மூன்று குசினிகள் செய்து கொடுத்திருந்தார். மூன்றும் முடிய மொத்தமாகத் தருவதாகத்தான் பேச்சு. கூட்டிக்கொண்டு போனவர் எங்கள் ஆள், தமிழர்தான். மூன்றாவது குசினி முடிந்த அன்று இரவே அவருடைய நம்பர் வேலை செய்யவில்லை. தம்பி எங்கே போய் முறைப்பாடு செய்வது? முறைப்பாடு எடுக்கிற மேசையில் முதலில் கேட்பதே வேலை அனுமதியைத்தான். அடைக்கலம் கேட்டு நிற்கிற ஒருவருக்கு இது வெறும் காசு நட்டம் மட்டும் அல்ல. நாடுகடத்தல் என்று வந்தால் எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள் என்பதை நீங்களே யோசியுங்கோ.

ஆகவே கீழே வருகிற கணக்கெல்லாம் ஒரு கொம்பனியில் முறையாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும், சேரப் போகிறவருக்கும் உரியது. முசஃபாவில் சின்னச் சின்னக் கட்டட வேலைக் கொம்பனிகள் நிறைய. அவற்றில் மேசனுக்கு மாதச் சம்பளமும் இருக்கும், மீற்றர் கணக்கும் இருக்கும். மீற்றர் கணக்கு, அதாவது செய்த வேலையின் அளவுக்குக் கூலி, இங்கே சட்டப்படி கூடாதது அல்ல. எந்த வேலைக்கு எது என்பதுதான் கேள்வி.

சுவரை அளப்போம்

ஒரு சாதாரணமான குசினியை எடுப்போம். மேடை எல் வடிவம். நீளப் பக்கம் 3 மீற்றர், குறுகிய பக்கம் 1.2 மீற்றர். மேடைக்கும் மேல் கபேட்டுக்கும் நடுவில் 60 சென்ரிமீற்றர். நீளப் பக்கம் 1.8 சதுர மீற்றர், குறுகிய பக்கம் 0.72. அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற ஹூட் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால், அந்த இடத்தில் 60 சென்ரிமீற்றர் அகலத்தில் இன்னொரு 30 சென்ரிமீற்றர் மேலே போக வேண்டும். அது 0.18. எல்லாம் கூட்டினால் 2.7 சதுர மீற்றர்.

ஊரில் நாங்கள் சதுர அடியில் பழகியவர்கள். ஒரு சதுர மீற்றர் என்பது 10.76 சதுர அடி. இந்தச் சுவர் 29 சதுர அடி வரும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "40 திர்ஹம்" எண்டு கேட்டவுடன் ஊர்க் காசுக்கு மாற்றிப் பார்த்து, ஊரில் சதுர அடிக்கு வாங்கின கூலியோடு ஒப்பிட்டுச் சந்தோசப்படுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறோம். சதுர மீற்றருக்கு 40 என்றால் சதுர அடிக்கு 3 திர்ஹம் 72 பில்ஸ்தான்.

வாங்க வேண்டிய ரைல்ஸ் 2.7 அல்ல. வெட்டுத் துண்டு, உடைவு என்று பத்து வீதம் கூட்டி 3 சதுர மீற்றர். மீன்முள் மாதிரி சாய்த்து ஒட்டுவதென்றால் இன்னும் கூட. ஒட்டுகிற பசை 20 கிலோப் பை ஒன்று நாலைந்து சதுர மீற்றருக்குக் காணும், எனவே ஒரு பை போதும். சாமான் செலவு வீட்டுக்காரருடையதா கொம்பனியுடையதா என்பதில் நீங்கள் தலையிடத் தேவையில்லை. ஆனால் ஒரு பெட்டி ரைல்ஸ் குறைந்துபோய் நடுவில் வேலை நின்றால், மீற்றர் கணக்கில் இருக்கிறவருக்கு அந்த அரை நாள் போய்விடும். அதனால் தொடங்க முன்னர் பெட்டியை எண்ணுங்கோ. பெட்டிகளில் அடித்திருக்கிற தொகுதி இலக்கம் எல்லாம் ஒன்றா என்றும் பாருங்கோ. இலக்கம் மாறினால் நிறம் கொஞ்சம் மாறும். ஒட்டின பிறகு கண்டுபிடித்தால் பிழை மேசனின் தலையில்தான் விழும்.

உண்மையில் எத்தனை மணித்தியாலம்?

இந்தப் பக்கத்துப் பிளாற்றுகளில் குசினிச் சுவர் வெறும் பூச்சாக இருப்பது குறைவு. அனேகமாகப் பழைய ரைல்ஸ் ஏற்கனவே இருக்கும். ஆகவே முதல் கேள்வி: பழையதைக் கொத்தி எடுக்கிறதா, அதன் மேலேயே ஒட்டுகிறதா? இந்த ஒரு கேள்வியில் கூலி ஏறக்குறைய இரண்டு மடங்காக மாறும். வேலைக்குக் கூப்பிடுகிறவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார்.

கொத்தி எடுப்பதென்றால் முதல் நாள் முழுக்க அதுதான். மேடைக் கல்லையும் சிங்கையும் மூடிக் கட்ட வேண்டும், பிளக் பொயின்ற் மூடிகளைக் கழற்ற வேண்டும். கரண்ட் நிற்பாட்டி இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். இதெல்லாம் ஒரு மணித்தியாலம். கொத்துவது மூன்று மணித்தியாலம். அதைப் பையில் அள்ளி லிப்றில் இறக்குவது ஒரு மணித்தியாலம். லிப்றை எப்போது பாவிக்கலாம், எந்த நேரம் சத்தம் போடலாம் என்பதைக் கட்டடத்து நாத்தூர்தான் சொல்லுவார், அவரோடு முதலே கதைக்காவிட்டால் பாதியில் வந்து நிற்பாட்டுவார். இடிபாட்டைத் தெருக் குப்பைத் தொட்டியில் போட்டால் அபராதம். அதைக் கொண்டு போகிற வாகனம் கொம்பனியின் பொறுப்பு என்று முன்னரே பேசியிருக்க வேண்டும். பிறகு குழி விழுந்த இடமெல்லாம் பூசி மட்டம் எடுக்க ஒன்றரை இரண்டு மணித்தியாலம். அதோடு அன்றைய வேலை நிற்கும், பூச்சுக் காய வேண்டும்.

இரண்டாம் நாள் ஒட்டுகிற வேலை. மட்டம் பிடித்துக் கோடு போட்டு, வெட்டுத் துண்டு எந்த மூலையில் வர வேண்டும் என்று தீர்மானிக்கவே ஒரு மணித்தியாலம் போகும். பிறகு ஐந்து மணித்தியாலம் போல் ஒட்டுவது. நாலு பிளக் பொயின்ற் இருந்தால் நாலு ஓட்டை வெட்ட வேண்டும். தண்ணீர்க் குழாய் வெளியே வருகிற இடம், கபேட்டின் அடி ஓரம், இரண்டு சுவரும் சேர்கிற மூலை, எல்லாம் வெட்டு வேலை. பெரிய தரையில் ஒரு மணித்தியாலத்தில் முழு ரைல்ஸாக அடுக்கிக்கொண்டு போகலாம். இங்கே முழு ரைல்ஸைத் தேட வேண்டும்.

மூன்றாம் நாள், 24 மணித்தியாலமாவது விட்டு, இடைவெளிகளுக்குக் கிறவுட் அடைத்துத் துடைத்து, மேடையும் சுவரும் சேர்கிற கோட்டில் சிலிக்கன் வைத்து, மூடிகளைத் திரும்பப் பூட்ட வேண்டும். இரண்டு மணித்தியாலம். ஆனால் அதற்காக ஒரு பயணம் போய் வர வேண்டும்.

ஆக மேசனுக்கு 15 மணித்தியாலம். கூட ஒரு ஹெல்பர் முதல் இரண்டு நாளும் நின்றால் அவருக்கு 13. பழைய ரைல்ஸ் மேலேயே ஒட்டுவதென்றால் (அது ஆடாமல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, மேற்பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதற்கென்று இருக்கிற பசையால்) மேசனுக்கு 9, ஹெல்பருக்கு 5 மணித்தியாலம், இரண்டு பயணம். இரண்டு வகையிலும் சுவர் அதே 2.7 சதுர மீற்றர்தான்.

ரைல்ஸின் அளவும் நேரத்தை மாற்றும். 30க்கு 60 அளவு என்றால் இந்தச் சுவருக்குப் பதினைந்து ரைல்ஸ். செங்கல் மாதிரி இருக்கிற 10க்கு 20 அளவு என்றால் 135. ஒவ்வொன்றையும் பிடித்து, ஸ்பேசர் வைத்து, மட்டம் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஐந்து மணித்தியாலம் நடுத்தர அளவுக்கு. 135 துண்டு ஒட்டச் சொன்னால் இன்னும் இரண்டு மூன்று மணித்தியாலம் கூட்டுங்கோ, கிறவுட்டுக்கும் கூட்டுங்கோ.

அதே 40 திர்ஹம், இரண்டு இடம்

இப்போது காசு. கீழே வருகிற தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாங்கள் போட்டவை, சந்தை விலை என்று எடுக்க வேண்டாம். உங்கள் இடத்தில் பேசுகிற தொகையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கோ.

மேசனின் ஒரு நாள் 120 திர்ஹம், ஹெல்பருடையது 80 என்று வைப்போம். எட்டு மணித்தியால நாள், ஆகவே மணித்தியாலத்துக்கு 15உம் 10உம். மீற்றர் கூலி 40.

ஒரு ஹோல் தரை, 20 சதுர மீற்றர். பெரிய ரைல்ஸ், நேர் சுவர். இரண்டு பேர் இரண்டு நாளில் போட்டுவிடலாம். மீற்றர் கணக்கில் 800 திர்ஹம் வரும். இரண்டு பேரின் இரண்டு நாள் பெறுமதி 400. நல்ல வேலை.

எங்கள் குசினிச் சுவர், 2.7 சதுர மீற்றர். மீற்றர் கணக்கில் 108 திர்ஹம். கொத்தி எடுத்து ஒட்டினால் மேசனின் 15 மணித்தியாலத்துக்கு 225, ஹெல்பரின் 13 மணித்தியாலத்துக்கு 130, மூன்று நாள் போக வர 45, வெட்டுகிற பிளேட் மாதிரியான தேய்மானம் 30. எல்லாமாக 430. அதாவது 430 திர்ஹம் வேலையை 108க்குச் செய்து கொடுக்கிறீர்கள். போக்குவரத்தையும் பிளேட்டையும் கழித்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று நாளுக்கு மிஞ்சுவது 33 திர்ஹம். பழையதன் மேலேயே ஒட்டினால் செலவு 135, 50, 30, 15 என்று 230 வரும். அப்போதும் 108 பாதிக்குக் கீழே.

430ஐ 2.7ஆல் பிரித்தால் சதுர மீற்றருக்கு 159 வரும். "மீற்றருக்கு 159" எண்டு சொன்னால் எந்த வீட்டுக்காரரும் சத்தம் போடுவார். "முழுச் சுவருக்கும் 430, பழையதைக் கொத்தி எடுக்கிறதும் சேர்த்து" எண்டு சொன்னால் யோசிப்பார். இரண்டும் ஒரே காசு. அதனால்தான் அனுபவமுள்ள மேசன்மார் சின்னச் சுவருக்கு மீற்றர் விலை சொல்லுவதில்லை, முழு வேலைக்கு ஒரு தொகை, அல்லது நாள் கூலி. நீங்கள் கொம்பனியில் மீற்றர் கணக்கில் சேருவதாக இருந்தால் போமனிடம் இதைக் கேளுங்கோ: அஞ்சு சதுர மீற்றருக்குக் குறைந்த வேலைக்கு நாள் கணக்கா, மீற்றர் கணக்கா? கொத்துகிற வேலைக்கு வேறாக உண்டா? கிறவுட்டுக்கு வருகிற மூன்றாம் நாளுக்கு என்ன? இப்படிக் கேட்டால் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயப்படுவீர்கள். வேலை தெரிந்த ஆள் என்று விளங்கிக்கொள்ளத்தான் கூடுதலான சந்தர்ப்பம்.

ஓரத்துக்கு அலுமினியப் பட்டி வைப்பது, யன்னல் அடி திருப்புவது, பிளக் பொயின்ற்றை இடம் மாற்றுவது எல்லாம் வேறு வேலை. கடைசியானது எலக்ரீசியனின் வேலை. நீங்கள் கை வைக்க வேண்டாம்.

வீட்டுக்காரர் கொடுக்கிறதும் உங்கள் கைக்கு வருகிறதும்

வீட்டுக்காரர் கொம்பனிக்கு 800 திர்ஹம் கொடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, "எனக்குத் தந்தது இவ்வளவுதானா" என்று மனம் நொந்துபோய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான மனக்கஷ்டம்தான், ஆனால் முழுக்கக் கொள்ளை என்று சொல்ல முடியாது. வரிப் பதிவுள்ள கொம்பனி என்றால் அதில் 5 வீதம் அரசாங்கத்தின் வற் வரி, 2018இலிருந்து உள்ளது. வாகனம், லைசென்ஸ், கடை வாடகை, நாளைக்கு ஒரு ரைல் கழன்றால் திரும்பப் போய்ச் செய்கிற செலவு எல்லாம் அதற்குள்ளே. உங்கள் விசாச் செலவும் வேலை அனுமதிச் செலவும் முதலாளியுடையது. அபுதாபியில் தொழிலாளியின் மருத்துவக் காப்புறுதியும் முதலாளிதான் எடுக்க வேண்டும். அது கொம்பனியின் கணக்கில் ஏறலாம், உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. வேலைக்கு எடுத்ததற்கென்று உங்களிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ காசு வாங்கவும் கூடாது. 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் தொழிற் சட்டம் 2022 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது, அதில் இது எழுதியே இருக்கிறது. பாஸ்போட்டை வாங்கி வைக்கிறதும் அந்தச் சட்டப்படி பிழை.

மாதச் சம்பளக்காரருக்குக் குசினி வேலையில் அடிபடுகிற இடம் ஓவர்ரைம். வீட்டுக்காரர் வேலையால் வந்த பிறகுதான் திறப்புத் தருவார், நீங்கள் இரவு பத்து மணி வரை நின்று ஒட்டுவீர்கள். சட்டப்படி நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 48. அதற்கு மேல் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வரைதான் கேட்கலாம். அந்த மணித்தியாலங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தின் கணக்கில் 25 வீதம் கூட. இரவு 10 முதல் காலை 4 வரை என்றால், முறை வேலைக்காரர் தவிர்ந்த மற்றவர்களுக்கு 50 வீதம் கூட. ஓய்வு நாளில் வேலை வாங்கினால் அதற்குப் பதிலாக இன்னொரு நாள் ஓய்வு, இல்லாவிட்டால் அந்த நாள் சம்பளமும் அடிப்படையில் 50 வீதமும்.

இங்கே அடிப்படை என்ற சொல்லைக் கவனியுங்கோ. ஒருவருடைய சம்பளம் 1,500, அதில் அடிப்படை 900, மிச்சம் அலவன்ஸ் என்று வைப்போம். 900ஐ 30ஆல் பிரித்தால் நாளுக்கு 30, மணித்தியாலத்துக்கு 3.75. ஓவர்ரைம் மணித்தியாலத்துக்கு 4 திர்ஹம் 69 பில்ஸ். முழு 1,500உம் அடிப்படையாக இருந்திருந்தால் 7 திர்ஹம் 81 பில்ஸ். ஏஜென்ற் உங்களுக்குச் சொன்னது 1,500 மட்டும்தான். ஒப்பந்தத்தில் அடிப்படை எவ்வளவு என்று பார்க்காமல் கையொப்பம் வைத்தால், இரவிரவாக ஒட்டுகிற ஒவ்வொரு சுவரிலும் அந்த வித்தியாசம் போய்க்கொண்டே இருக்கும்.

வெய்யிலைப் பற்றியும் ஒரு சொல். ஜூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெளி வேலை நிற்பாட்ட வேண்டும் என்ற சட்டம் வெறும் வெய்யிலில் நிற்கிற வேலைக்குத்தான். குசினிக்குள் அது வராது. ஆள் இல்லாத பிளாற்றில் ஏசி ஓடாது, யன்னலும் மூடி, ஜூலை மாதம் உள்ளே கொத்துகிறவருக்கு வெளியே நிற்கிறது எவ்வளவோ மேல் என்றிருக்கும். சட்டம் இல்லாவிட்டாலும் தண்ணீரும் இடைக்கிடை ஓய்வும் கேட்டு எடுங்கோ. ரைல்ஸை ஈரமாக வெட்டுங்கோ, மாஸ்க் போடுங்கோ. அந்த வெள்ளைத் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது.

தமிழில் கேட்டு வாங்குங்கோ

வேலைக்கு எடுக்கிற கொம்பனி முதலில் ஒரு ஓபர் லெற்றர் தர வேண்டும். 2016இலிருந்து மொஹ்ரே இந்தப் படிவத்தை அரபு, ஆங்கிலம் தவிர வேறு பல மொழிகளிலும் வைத்திருக்கிறது. தமிழ் அதில் ஒன்று, சிங்களமும் இருக்கிறது. உங்களுக்கு விளங்குகிற மொழியில் வாசித்த பிறகுதான் கையொப்பம் என்பது விதி. தஸ்ஹீல் நிலையத்தில் "எல்லாம் வழமையான பேப்பர்தான், சைன் பண்ணு" எண்டு அவசரப்படுத்தினால், தமிழ்ப் படிவம் கேளுங்கோ. வேலையின் பெயர் ரைல்ஸ் மேசனா ஹெல்பரா, அடிப்படை எவ்வளவு, மாதமா மீற்றரா, ஓய்வு நாள் எது என்பதைப் பார்த்து, கைபேசியில் படம் எடுத்து ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கோ.

வேறு கொம்பனிக்கும் கொஞ்ச நேரம் வேலை செய்ய விருப்பம் என்றால் அதற்குப் பகுதிநேர அனுமதி என்று ஒன்று இருக்கிறது, குறுகிய வேலைக்குத் தற்காலிக அனுமதி இருக்கிறது. உங்களை எடுக்க விரும்புகிற கொம்பனிதான் மொஹ்ரேயில் கேட்டு எடுக்க வேண்டும். "பகுதிநேரம்தானே, பேப்பர் தேவையில்லை" எண்டு சொல்லுகிற கொம்பனிக்குப் போக வேண்டாம்.

காசு வராவிட்டால்

சம்பளம் வங்கி மூலமோ எக்ஸ்சேஞ்ச் மூலமோ, 2009இல் தொடங்கின சம்பளப் பாதுகாப்பு முறையினூடாக வர வேண்டும். கையில் காசாகத் தருவது உங்களுக்கு வசதியாகத் தெரியும், பிறகு தரவில்லை என்று நிரூபிக்க வழி இராது. எனவே ஒரு சின்னக் கொப்பியில் திகதி, கட்டடத்தின் பெயர், போன நேரம், வந்த நேரம், செய்த சதுர மீற்றர் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கோ. போமன் வட்சப்பில் "நாளைக்கு ஷாபியா 10 போ" எண்டு அனுப்பின செய்தியை அழிக்க வேண்டாம்.

முறைப்பாட்டுக்கு மொஹ்ரேயின் 80084, பொது விசாரணைக்கு 600590000. 50,000 திர்ஹத்துக்கு மேற்படாத பிணக்குகளை 2024 ஜனவரியில் இருந்து அமைச்சே தீர்த்துக் கட்டளை போடலாம். நீதிமன்றத்துக்குப் போனாலும் 1 இலட்சம் திர்ஹத்துக்கு மேற்படாத கோரிக்கைக்குத் தொழிலாளியிடம் நீதிமன்றக் கட்டணம் இல்லை. வேலை முடிந்து இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும்.

இந்த முறைப்பாடு இந்த நாட்டு அமைச்சுக்குப் போகிறது, உங்கள் நாட்டுத் தூதரகத்துக்கு அல்ல. தூதரகத்தின் படி ஏறாமலே கூலியைக் கேட்கலாம். உங்கள் அடைக்கலக் கோரிக்கை உங்கள் சொந்த அரசாங்கத்துக்குப் பயந்து வந்தது என்றால், தூதரகத்துக்குப் போக முன்னர் எங்களிடமோ யுஎன்எச்சிஆரிடமோ ஒருக்கால் கதையுங்கோ. "நாடுகடத்தல்" என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் அன்றைக்கே யுஎன்எச்சிஆருக்கு அறிவியுங்கோ.

முறைப்பாடு போட்ட கோபத்தில் வேலைக்குப் போகாமல் றூமில் படுத்துவிட வேண்டாம். ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்து வராவிட்டால் ஓடிவிட்டார் என்று முதலாளி எழுதிக் கொடுக்கலாம். அப்படிப் பதிவானால் ஒரு வருடத்துக்கு வேறு வேலை அனுமதி கிடைக்காது, இந்தப் பக்கத்துப் பேச்சில் நீங்கள் கல்லிவல்லி ஆகிவிடுவீர்கள். கம்பனி வாசலில் போய் நின்று, திகதி தெரிய ஒரு படம் எடுத்து வைத்தாலே பிறகு உதவும்.

ஒரு சுவர் முடிந்தால், கிறவுட் காய்ந்து துடைத்த பிறகு, வீட்டுக்காரர் மேடையில் சட்டி பானை வைக்க முன்னர், முழுச் சுவரையும் மூலைகளையும் சிலிக்கன் கோட்டையும் படம் எடுங்கோ. பழைய சுவரை வேலை தொடங்க முன்னர் எடுத்த படமும் இருந்தால் நல்லது. மூன்று மாதம் கழித்து "ரைல் வெடிச்சிருக்கு, சம்பளத்தில பிடிக்கிறன்" எண்டு வருகிறபோது காட்ட அது வேண்டும். பிடித்தாலும், எத்தனை காரணம் சொன்னாலும், சம்பளத்தில் பாதிக்கு மேல் ஒரு மாதத்தில் கழிக்கச் சட்டம் விடாது.